கரடி வீட்டு ஒப்பந்தமும் அதன் திருத்தங்களும்

ஒரு காட்டில் ஒரு கழுதை இருந்தது. சிங்கம், யானை என்று கம்பீரமாகத் தொடங்க வேண்டிய கதை இப்படித் தொடங்குகிறதே என்று முகம் சுளிக்காதீர்கள். கதையைச் சொல்வதே அந்தக் கழுதைதான். என் பெயர் பொதியப்பன். ஊரில் அழுக்கு மூட்டை சுமந்துகொண்டிருந்தேன். வீட்டுக்கு வீடு வாஷிங் மெஷின் வந்ததும் என் வேலை போயிற்று. மூட்டை முடிச்சு என்று எதுவும் இல்லாமல், அதாவது வாழ்க்கையில் முதல்முறையாக, மலையடிவாரத்துக் காட்டுக்குக் குடிவந்தேன்.

வந்த புதிதில் காட்டு ஆபீசின் கோப்புகளை ஒரு குகையிலிருந்து இன்னொரு குகைக்குச் சுமந்தேன். முதுகில் ஏறியதெல்லாம் மூளைக்கும் ஏறியிருக்கும் என்று காடு தானாகவே நம்பிவிட்டது. நானும் மறுக்கவில்லை. எனக்குப் படிக்கத் தெரியும் என்பது மட்டும் உண்மை. சுவரொட்டியைத் தின்பதற்கு முன்னால் ஒருமுறை வாசித்துவிடுவது எங்கள் குடும்பப் பழக்கம்.

அந்தக் காட்டில் வீடு கட்டிக் கொடுக்கும் மேஸ்திரி ஒருவர் இருந்தார். கீரி. பெயர் இசக்கிமுத்து. அவரிடம் பெருச்சாளிகள் ஒரு கூட்டமாக வேலை பார்த்தன. தொழிலில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் யார் என்ன கேட்டாலும் அவர் வாயில் ஒரே பதில்தான் வரும்: "பாத்துக்கலாம் அண்ணாச்சி." சன்னலைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாமா என்றாலும் பாத்துக்கலாம்தான், மாடியைத் தூக்கித் தரையில் வைக்கலாமா என்றாலும் பாத்துக்கலாம்தான். முடியாது என்று ஒரு வார்த்தை சொல்வது அவர் குலத்திலேயே கிடையாது. கேட்டவர் நிம்மதியாகத் தூங்கப் போவார், மேஸ்திரி நிம்மதியாக மறந்துபோவார்.

யானை கொம்பையாவுக்கு அவர்தான் வீடு கட்டினார். யானை தினமும் காலையில் வந்து நின்று ஒரு மாற்றம் சொல்லும். எல்லாமே வாய்ப்பேச்சு. வீடு முடிந்த அன்று, தெற்கே வாசல் வைக்கச் சொன்னேனே என்றார் யானை. சன்னல் என்றுதானே சொன்னீர் என்றார் கீரி. பேச்சு முற்றியது. யானை மேஸ்திரியைத் தும்பிக்கையால் தூக்கி மரத்தில் வைக்க, மேஸ்திரி மரத்திலிருந்து யானையின் காதில் குதித்துக் கடிக்க, காடே திரண்டு விலக்கிவிட்டது. அதற்குப் பிறகு ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் போவதில்லை. கொம்பையா இன்றைக்கும் அந்த வீட்டில்தான் இருக்கிறார். ஒரு சொட்டு ஒழுகுவதில்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை, சண்டையைத்தான் கவனித்தேன்.

இந்தச் சண்டையை வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவர் கரடி சடையப்பன். அவருக்குச் சண்டை என்றாலே பயம். கரடிக்கா என்று கேட்காதீர்கள், கல்யாணமான கரடி. அவர் மனைவி பொன்னுத்தாய் அப்போது மாசமாக இருந்தார். முந்திய மழைக்காலத்தில் பாறையிடுக்கில் ஈன்று, தண்ணீர் உள்ளே புகுந்து, குட்டி குளிரில் தங்காமல் போய்விட்டது. அதைப்பற்றி அவர் யாரிடமும் பேசுவதில்லை. இந்தத் தடவை மழைக்கு முன்னால் நனையாத இடம் ஒன்று வேண்டும் என்று மட்டும் சொன்னார். வேறு எதுவும் கேட்கவில்லை.

சடையப்பன் நேராக என்னிடம் வந்தார். மனைவி கேட்டதைச் சொல்லி, மேஸ்திரியோடு மனஸ்தாபம் வராமல் வீடு கட்ட வேண்டும், என்ன வழி என்று கேட்டார். என் வாழ்க்கையில் என்னிடம் யோசனை கேட்டு வந்த முதல் ஜீவன் அவர்தான். தலைகால் புரியவில்லை. எல்லாவற்றையும் எழுதிவிட்டால் சண்டைக்கே இடமில்லை என்றேன். ஒப்பந்தத்தை எழுதி, அதில் எந்த மாற்றம் வந்தாலும் அதையும் எழுதிவிட வேண்டும் என்றேன். எழுதுவது யார் என்று அவர் கேட்கும்வரை பொறுமையாகக் காத்திருந்து, பிறகு தொண்டையைச் செருமினேன்.

ஒப்பந்தம் தயாரானது. ஓர் அறை, ஒரு வாசல், சுற்றி மண்சுவர், மேலே ஓலைக் கூரை. மழை தொடங்குமுன் முடித்துத் தர வேண்டியது. அதற்குக் கீழே என் சொந்தச் சரக்காக ஒரு விதி சேர்த்தேன். மாற்றம் என்ன, ஏன், அதனால் எத்தனை நாள் கூடும் என்பதைத் தேக்கிலையில் எழுதி, வீட்டுக்காரரும் மேஸ்திரியும் பாதத்தைச் சேற்றில் தோய்த்துப் பதித்த பிறகுதான் ஒரு கூடை மண்ணையாவது நகர்த்தலாம். ஒவ்வொன்றுக்கும் மூன்று படி. ஒன்று வீட்டுக்காரருக்கு, ஒன்று மேஸ்திரிக்கு, ஒன்று எனக்கு. என் படியை நான் தின்றுவிடுவேன் என்று அணில்கள் பேசிக்கொண்டன. அபாண்டம். ஓரத்தைக் கொஞ்சம் கடித்திருக்கலாம், அதுவும் எழுத்தில்லாத பக்கம்.

வேலை தொடங்கிய சில நாளிலேயே முதல் மாற்றம் வந்தது. வாஸ்து பார்க்க ஆந்தையை அழைத்திருந்தார்கள். பட்டப்பகலில் வந்ததால் அவருக்குக் கண் தெரியவில்லை. மண்ணைத் தடவிப் பார்த்துவிட்டு, வாசல் நிலை வைத்திருக்கும் மூலை ஆகாது, கிழக்கே மாற்றுங்கள் என்றார். இசக்கிமுத்து வழக்கம்போல வாயைத் திறந்தார். நான் குளம்பைத் தூக்கித் தடுத்தேன். இலையை விரித்தேன். 'திருத்தம் ஒன்று: வாசல் கிழக்கே. காரணம்: ஆந்தை.' இருவரும் பாதம் பதித்தார்கள். பிறகு வாசல் கிழக்கே போனது. ஒரு முணுமுணுப்பு இல்லை. சடையப்பன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, உம்மைப்போல ஒருத்தர் கொம்பையாவுக்குக் கிடைக்கவில்லையே என்று சொன்னார். அன்று முழுக்க என் வால் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்பார்கள். வீட்டை மாற்றிப்பார் என்றும் சேர்த்திருக்க வேண்டும். சடையப்பனுக்கு ருசி கண்டுவிட்டது. தான் சொல்வதை ஒருவன் பயபக்தியோடு எழுதிக்கொள்கிறான் என்றால் யாருக்குத்தான் சொல்லத் தோன்றாது? சாயங்காலம் ஆனால் என் எதிரே வந்து குந்திவிடுவார். சுவரில் தேன் வைக்க ஒரு மாடம் என்பார். மாடம் வைக்கச் சுவர் தடிமனாக வேண்டும், அதற்கொரு திருத்தம். தடித்த சுவருக்கு அஸ்திவாரம் ஆழமாக வேண்டும், அதற்கும் ஒரு திருத்தம். பிறகு தேனை மரத்திலேயே வைத்துக்கொள்ளலாம், மாடம் வேண்டாம் என்பார். அதை ரத்து செய்து எழுதுவேன். ஆனால் அஸ்திவாரத்தை ஆழமாக்கிய திருத்தம் அப்படியே உயிரோடு இருக்கும். அதை ரத்து செய்ய யாரும் கேட்கவில்லையே. ஆகையால் பெருச்சாளிகள் தோண்டிக்கொண்டே இருந்தன.

இசக்கிமுத்து முதலில் சிடுசிடுத்தார். கரண்டி பிடிக்கிற கையைச் சேற்றில் முக்கி முக்கி எடுக்கச் சொல்கிறானே இந்தக் கழுதை என்று ஏசினார். போகப்போக அவருக்கும் இதில் ஒரு சுகம் தெரிந்தது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் நாள் கூடுகிறது. நாள் கூடினால் அவசரம் இல்லை. எழுத்து வரும்வரை கருவியைத் தொடக் கூடாது என்பது விதி, அதுவும் கழுதை போட்ட விதி. ஆக, நிழலில் படுக்கலாம். நாலு நாளில் அவர் 'பாத்துக்கலாம்' என்பதையே விட்டுவிட்டார். யார் என்ன கேட்டாலும் "எழுதிக்கலாம் அண்ணாச்சி" என்றார். நான் அதை நாகரிக வளர்ச்சி என்று எடுத்துக்கொண்டேன்.

ஒருநாள் வடக்குச் சுவர் லேசாகச் சாய்ந்து நின்றது. மாடத்துக்காகத் தடிமனாக்கி, பிறகு மாடம் இல்லை என்று பாதியில் ஒல்லியாக்கிய சுவர். ஒரு பெருச்சாளி ஓடிவந்து, ஒரு கம்பை முட்டுக் கொடுத்தால் நின்றுவிடும், கொடுக்கட்டுமா என்று கேட்டது. கம்பு பக்கத்திலேயே கிடந்தது. நான் ஒப்பந்தத்தைப் புரட்டினேன். முட்டு என்ற சொல் அதில் எங்கும் இல்லை. எழுதிவிடுவோம் என்றேன். எழுதினேன், நல்ல கையெழுத்தில், மூன்று படி. கீரி பாதம் பதித்தார். கரடியைக் காணோம், ஏதோ ஒரு கூட்டைத் தேடித் தேனெடுக்கப் போயிருந்தார். இசக்கிமுத்து சாய்கிற சுவரை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு நின்றார். நான் அவரிடம் போய், நீங்கள் இப்படிக் கையால் தாங்குவதும் முட்டுதானே, அனுமதி வருமுன் செய்யலாமா என்று கேட்டேன். அவர் யோசித்துப் பார்த்தார். கையை எடுத்துவிட்டார்.

கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்று ஒரு பழமொழி உண்டு. இங்கே அந்தக் குட்டிச்சுவரை உண்டாக்கியதே கழுதைதான். சடையப்பன் வாயெல்லாம் தேனோடு வந்து சேர்ந்து, முட்டுத் திருத்தத்தில் சந்தோஷமாகப் பாதம் பதித்தார். பதித்த பிறகுதான் முட்டுக் கொடுக்கச் சுவர் இல்லை என்பது தெரிந்தது. பதித்த திருத்தத்தை நிறைவேற்றாமல் விடுவது ஒப்பந்த மீறல். ஆகவே சுவரை மறுபடி எழுப்பி, அது சாய்கிற வரைக்கும் காத்திருந்து, பிறகு முட்டுக் கொடுப்பது என்று இன்னொரு திருத்தம் எழுதினேன். இருவரும் அதைப் படித்துப் பார்த்துத் தலையாட்டினார்கள். கொம்பையா வீட்டில் இப்படிச் சுவர் விழுந்திருந்தால் அடிதடி ஆகியிருக்கும், இங்கே பாருங்கள், ஒரு சின்னக் கோபம்கூட இல்லை என்று சடையப்பன் எல்லாரிடமும் சொல்லிப் பூரித்தார்.

அடுத்த நாள் பொன்னுத்தாய் வந்தார். வயிறு தாழ்ந்து, நடையில் பாரம் தெரிந்தது. எதிரே ஆழமான ஒரு பள்ளமும், மூன்று பக்கம் அரைச்சுவரும், நிழலில் குறட்டைவிடும் பெருச்சாளிகளும் இருந்தன. அவற்றை எல்லாம் ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம் வந்து நின்றார்.

"கூரை என்னைக்குப் போடுவாக, பொதியண்ணே?"

நான் உற்சாகமாகக் கோப்பைப் பிரித்தேன். சுவரின் உயரம் முடிவானால்தான் கூரையின் சாய்வு முடிவாகும், சுவரின் உயரம் அதன் தடிமனைப் பொறுத்தது, தடிமன் இப்போது மறுபரிசீலனையில் இருக்கிறது என்று ஒவ்வொரு இலையாக எடுத்துக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். எனக்கு இப்படிக் கேட்கிற ஆள் கிடைத்து வெகுநாளாகியிருந்தது.

"எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கிய. நான் அன்னைக்கு என்ன கேட்டேன்னு இதுல எங்கயாவது இருக்கா?"

தேடினேன். முதல் இலையிலிருந்து கடைசி இலைவரை தேடினேன். ஆந்தை இருந்தது, மாடம் இருந்தது, இல்லாத சுவரின் முட்டு இருந்தது. நனையாத இடம் என்று மட்டும் எங்கும் இல்லை. ஒப்பந்தம் எழுதிய அன்று அதை நான் எழுதவே இல்லை. அளவில்லாத, திசையில்லாத ஒரு விஷயத்தை எப்படி எழுதுவது என்று விட்டிருப்பேன் போலிருக்கிறது. வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்குப் பழக்கம்தான் கைகொடுக்கும். எழுதிக்கலாம் தாயி என்றேன். அவர் திரும்பிப் போய்விட்டார்.

அந்த வாரமே மேகம் கட்டியது. மழைக்கு ஒப்பந்தம் கிடையாது. ஒருநாள் காலையில் பெரிய துளி ஒன்று நேராக வந்து 'திருத்தம் ஒன்று' மேல் விழுந்து, சடையப்பனின் பாதத்தில் பாதியைக் கரைத்தது. நான் அலறிய அலறலில் மலையே திரும்பிப் பார்த்தது. கோப்பு கரைந்தால் யார் என்ன சொன்னார் என்பது தெரியாமல் போகும், தெரியாமல் போனால் சண்டை வரும், பிறகு நான் எதற்கு இந்தக் காட்டில் என்று இசக்கிமுத்துவைப் பிடித்து உலுக்கினேன்.

அவர் எழுந்தார். அன்றுதான் அவர் வேலை செய்து நான் பார்த்தேன். கண்ணாலேயே ஓர் அளவு பார்த்துக்கொண்டார். மேடான இடத்தில் மூங்கிலை ஊன்றினார். பெருச்சாளிகள் ஓலையை வாரிக்கொண்டு வந்து முடைந்து மூன்று பக்கமும் தட்டி கட்டின. தரையை மண் கொட்டி உயர்த்தின. தண்ணீர் ஓடச் சுற்றிலும் வாய்க்கால் இழுத்தன. ஆந்தையை யாரும் கூப்பிடவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் எனக்கும் என் கோப்புக்கும் ஒரு கொட்டகை நின்றது. சாயவில்லை. உள்ளே போய் நின்று பார்த்தேன், கதகதப்பாக இருந்தது.

எனக்குத்தான் மனசு உறுத்தியது. இதையும் ஒரு திருத்தமாக எழுதிவிட்டுக் கட்டியிருக்கலாமோ என்று இழுத்தேன்.

"கோப்புக்குக் கொட்டகை போட கோப்புல எழுதணும்னா, எழுதி முடிக்கிற வரைக்கும் கோப்பை எங்க வே வப்பீரு?" என்று கேட்டார் இசக்கிமுத்து.

நான் கோப்பைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள் போனேன்.

மத்தியானத்துக்கு மேல் வானம் பொத்துக்கொண்டது. ஆழப்படுத்திக்கொண்டே போன அஸ்திவாரம் கிணறாகி, தவளைகள் கிரகப்பிரவேசம் செய்துவிட்டன. மேஸ்திரியும் ஆட்களும் பொந்துகளுக்கு ஓடிவிட்டார்கள். நான் கொட்டகையில் இலைகளை அடுக்கிவைத்து, அதன்மேல் காவலாகச் சாய்ந்திருந்தேன். அப்போது மழையில் தட்டுத் தடுமாறிப் பொன்னுத்தாய் வந்தார். தனியாகத்தான் வந்தார். சடையப்பன், நல்ல நேரம் கேட்க ஆந்தையிடம் போனவர், மழையில் அங்கேயே மாட்டிக்கொண்டாராம். பொன்னுத்தாய்க்கு வலி எடுத்துவிட்டது என்பது பார்த்ததும் தெரிந்தது.

"எந்திரிங்க" என்றார்.

நான் எழுந்தேன். எழுந்துகொண்டே, இந்தக் கொட்டகை ஒப்பந்தத்துக்குள் வராது தாயி, இதை வேறு காரியத்துக்குப் பயன்படுத்த மேஸ்திரியின் சம்மதம் வேண்டியிருக்கும் என்று தொடங்கினேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கழுதைக்குக்கூட அந்தப் பார்வை புரியும். நான் பின்னால் நகர்ந்து வெளியே வந்தேன். தரை சில்லென்று இருந்ததால் அவர் கோப்பை இழுத்து, கட்டவிழ்த்து, இலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பரப்பினார். மாடத்தை ரத்து செய்த இலை, அதன்மேல் முட்டு, அதன்மேல் வாசல். வரிசை கலைகிறது என்று சொல்ல நினைத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை.

தலையை மட்டும் ஓலைக்கு அடியில் நீட்டிக்கொண்டு, மீதி உடம்பு நனைய, நான் அங்கேயே நின்றேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. இருட்டுவதற்குள் இரண்டு குட்டிகள் பிறந்தன. கைப்பிடி அளவு, கண் திறக்காமல், காய்ந்த இலைமேல் சரசரவென்று நெளிந்தன. தாய் நக்கிக் கொடுக்க, இரண்டும் கத்தின. போன வருஷத்தை நினைத்தாரோ என்னவோ, பொன்னுத்தாய் இரண்டு குட்டிகளையும் மாற்றி மாற்றித் தொட்டு, காய்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். காய்ந்துதான் இருந்தன. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கனைத்துவிட்டேன். இடி விழுந்தது என்று பொந்துகளில் பெருச்சாளிகள் பதறினவாம்.

விடிந்ததும் சடையப்பன் ஓடிவந்தார். குட்டிகளைப் பார்த்து அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தவர், தவளைக் கிணற்றைக் கண்டார். என் வீடு எங்கே என்று இசக்கிமுத்துவைக் கேட்டார். உங்கள் திருத்தங்களுக்குள் எங்கேயாவது இருக்கும், தேடிப் பாருங்கள் என்றார் கீரி. என் மனைவி கொட்டகையிலா கிடக்க வேண்டும் என்றார் கரடி. அந்தக் கொட்டகை என்னுடையது, யாரைக் கேட்டு உள்ளே போனார்கள் என்றார் கீரி. ஒருவர் பல்லைக் காட்டினார், இன்னொருவர் நகத்தைக் காட்டினார். எத்தனை இலை எழுதியும் கடைசியில் இங்கேதானா வந்து நிற்கிறோம் என்று எனக்குப் பயம் வந்தது.

பயந்தால் எனக்கு யோசனை வரும். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை என்பார்கள். தேய்ந்ததை எழுத்தில் போட்டுவிட்டால் அது தேய்மானம் ஆகாது, திருத்தம் ஆகிவிடும். இருவருக்கும் நடுவில் போய் நின்று, ஒரே ஒரு கடைசித் திருத்தம், அதோடு எல்லாம் தீர்ந்தது என்று அறிவித்தேன். ஒப்பந்தத்தில் வீடு என்று வரும் இடமெல்லாம் இனிமேல் கொட்டகை என்று வாசிக்கவும். காரணம்: மழை. கூடும் நாள்: ஏதுமில்லை.

கீரி பல்லை மூடினார். அவர் கணக்கில் வேலை முடிந்தது, அதுவும் மழைக்கு முன்னால், ஒப்பந்தத்தில் சொன்ன கெடுவுக்குள். கரடி நகத்தை இழுத்துக்கொண்டார். அவர் கணக்கில் அவர் கேட்ட வீடு கைக்கு வந்துவிட்டது, மனைவி ஏற்கனவே குடியேறியும்விட்டார். இரண்டு பேரும் சேற்றைத் தேடினார்கள், அன்று அதற்குப் பஞ்சமில்லை. எழுத இலைதான் இல்லை. காடு முழுக்க நனைந்து கிடந்தது. காய்ந்த இலை ஒரே இடத்தில்தான் இருந்தது.

கொட்டகைக்குள் தலையை நீட்டி, தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். பொன்னுத்தாய் தூங்குகிற குட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதற்கடியிலிருந்து ஓர் இலையை உருவி என்னிடம் நீட்டினார்.

"எழுதிக்கோங்க. பாதம் பதிச்ச கையோட இலையைத் திருப்பிக் குடுத்துருங்க, என்னா? பிள்ளைக்குக் குளுரும்."

மூன்று படி எடுக்க முடியவில்லை. ஒரே படிதான். அதைக் காயவைத்து, குட்டிக்கு அடியில் இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தேன். மறுவாரம் பால் காய்ச்சினார்கள். கீரி குடும்பத்தோடு வந்து வயிறாரச் சாப்பிட்டார். ஒரு சின்ன மனஸ்தாபம்கூட இல்லாமல் முடிந்த ஒரே கட்டடம் என்று காட்டு ஆபீஸ் எனக்கு மாலை போட்டது. செவ்வந்தி மாலை, நன்றாக இருந்தது, தின்றுவிட்டேன். இப்போது எந்த மிருகம் வீடு கட்டினாலும் முதலில் என்னைத்தான் அழைக்கிறார்கள். நானும் மழை மேகம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்கிறேன்.

நீதி: எழுதாமல் கட்டினால் வீடும் வரும், சண்டையும் வரும். எழுதிக் கட்டினால் இரண்டும் வராது. ஆகவே, வீடு கட்ட நினைப்பவர்கள் எழுதுகிறவருக்கு முதலில் ஒரு கொட்டகை போட்டுக் கொடுத்துவிட்டு, அதில் குடியேறிவிடவும்.